சொல்லும் தாளமும்: பெங்களூரு ராக் இசைத்தொகுப்புகள் குறித்த விவாதங்களின் மொழிநிலை

1. முன்னுரை

இசைக்குழு ஒன்று புதிய தொகுப்பை வெளியிட்டவுடன் அதன் சுவைஞர்கள் அணி பிரிந்து வாதிடுவது இயல்பு. முந்தைய தொகுப்பே சிறந்தது என்பர் ஒரு சாரார். குழு வளர்ந்துள்ளது என்பர் மறு சாரார். எங்கும் காணப்படும் இவ்வழக்கு பெங்களூரில் தனிச் சிக்கல் ஒன்றையும் உடன்கொண்டுள்ளது. இங்கு விவாதம் விரைவில் இசையை விட்டு மொழிக்குத் தாவிவிடுகிறது. எம்மொழியில் பாடினர், அதனைச் செம்மையாகப் பாடினரா, அம்மொழி இவ்விசைக்குப் பொருந்துமா என்னும் வினாக்கள் முன்னிற்கின்றன. இவை பொழுதுபோக்காளரின் வினாக்கள் எனத் தள்ளத்தக்கன அல்ல. ஒலியளபு, அழுத்தம், யாப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவை இவற்றில் அடங்கியுள்ளன. இவ்விவாதங்களில் எழும் நிலைப்பாடுகளை ஆராய்ந்து, அவற்றைத் தீர்க்க உதவும் அளவுகோல் ஒன்றை முன்வைப்பதும், இவ்விசையைப் பற்றித் தமிழில் எழுதுதற்குரிய கலைச்சொற்கள் சிலவற்றை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

2. களம்

இந்தியாவில் ராக் இசைக்கு உரிய நகரங்களுள் பெங்களூரு முதன்மையானது. அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சிலும், மெட்டாலிகா 2011 அக்டோபரிலும் அரண்மனைத் திடலில் பாடியமை இதற்குச் சான்று. ஆயினும் நம் ஆய்வுக்கு உரியவை வந்து சென்ற குழுக்கள் அல்ல. இந்நகரிலேயே தோன்றி வளர்ந்தவை. 1996-இல் தோன்றிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் ஆங்கிலத்தில் பாடுவது. 1998-இல் தோன்றிய கிரிப்டோஸ் கனவகை ராக்கை ஆங்கிலத்தில் பாடுவது. ரகு தீட்சித்தின் குழு 2008-இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் உள்ளன. சுவராத்மா குழு 2009-இல் வெளியிட்ட தொகுப்பில் கன்னடமும் இந்தியும் உள்ளன. பர்வாஸ் குழு உருதுவிலும் காசுமீரியிலும் பாடுகிறது. அகம் குழு தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளை ராக் அமைப்பில் பாடி, 2012-இலும் 2017-இலும் தொகுப்புகள் வெளியிட்டது.

ஒரு நகரின் ஓர் இசைவகை இத்துணை மொழிகளில் நிகழ்வது மொழியியலார்க்கு அரிய களமாகும். பாடுவோர் மொழியும், பாட்டின் மொழியும், கேட்போர் மொழியும் ஒன்றாக இருப்பது இங்கு விதியன்று, விலக்கே எனலாம்.

3. மூன்று நிலைப்பாடுகள்

விவாதங்களைத் தொகுத்து நோக்கின் மூன்று நிலைப்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

3.1 ராக் ஆங்கிலத்திற்கே உரியது. பிற மொழியில் பாடினால் அது கலப்பிசையே என்பது முதல் நிலைப்பாடு. இது வரலாற்றோடு முரண்படுகிறது. ஜெர்மனியின் ராம்ஸ்டைன் ஜெர்மன் மொழியிலும், ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் ஐஸ்லாந்திய மொழியிலும் பாடி உலகப் புகழ் பெற்றுள்ளன. பின்னது 2002-இல் வெளியிட்ட தொகுப்பு முழுவதையும் எம்மொழிக்கும் உரியதல்லாத, பொருளற்ற அசைகளால் பாடியது. அவற்றைக் கலப்பிசை என யாரும் கூறுவதில்லை. ஆகவே, இம்முடிவு மொழியின் இயல்பினால் பிறந்ததன்று. நம் மொழிகளைப் பற்றிய நம் மதிப்பீட்டினால் பிறந்தது.

3.2 தாய்மொழியில் பாடுவதே உண்மையானது, ஆங்கிலத்தில் பாடுவது போலி என்பது இரண்டாம் நிலைப்பாடு. தமிழர்க்கு இவ்வாதம் புதிதன்று. 1941-இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943-இல் நிறுவப்பெற்ற தமிழிசைச் சங்கமும் எழுப்பிய வினாவின் நிழல் இதில் உண்டு. ஆனால் சூழல் வேறு. தமிழிசை இயக்கம், கேட்போர் மொழியில் பாட்டு வேண்டும் எனக் கோரியது. பெங்களூரில் ஒரு மேடையின் முன் நிற்போரின் பொதுமொழி பெரும்பாலும் ஆங்கிலமே. அவ்வாங்கிலமும் இறக்குமதிச் சரக்கன்று. தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் என்னும் பெயரையே நோக்குக. மூன்று மலையாளியரும் கால்பங்கு மலையாளி ஒருவரும் சேர்ந்த குழு என்பதனைக் குறிக்கும் ஆங்கிலச் சிலேடை அது. பேவர் சீ என்னும் குழுவின் பெயர் எழுத்தில் ஆங்கிலக் கடலாகத் தோன்றும். சேர்த்து ஒலித்தால் கன்னட வசைச்சொல்லான பேவர்சி ஆகும். அச்சொல்லோ வாரிசற்றவன் என்னும் பொருளுடைய பாரசீக வழிச்சொல். தமிழ்ப் பேச்சுவழக்கில் வழங்கும் பேமானி என்பதிலும் இப் பே முன்னொட்டே உள்ளது. இத்தகைய பெயர்களை ஆக்கும் ஆங்கிலத்தைப் போலி என்பது பொருந்தாது.

3.3 சொல் முக்கியமன்று, ஒலியே முக்கியம் என்பது மூன்றாம் நிலைப்பாடு. மொழி அறியாத பாட்டைச் சுவைப்போர்க்கு இது வசதியான விடை. ஆயினும் இதனைக் கூறுவோரே, பாடகரின் உச்சரிப்பு நன்று அல்லது தீது எனத் தீர்ப்பும் கூறுகின்றனர். சொல் முக்கியமன்று எனின் உச்சரிப்பைப் பற்றிய தீர்ப்புக்கு அடிப்படை எது? இம்முரண்பாடே நம்மை அடுத்த பகுதிக்கு இட்டுச் செல்கிறது.

4. அளபும் அழுத்தமும்

எம்மொழி ராக்கிற்குப் பொருந்தும் என்னும் வினா பிழையானது. அம்மொழி தன் இசையமைப்பாளரிடம் எதனைக் காக்கும்படி கேட்கிறது என்பதே சரியான வினா.

ஆங்கிலம் அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட மொழி. கிட்டார் என்னும் ஆங்கிலச் சொல்லில் இரண்டாம் அசையே அழுத்தம் பெறும். பாட்டில் முதலசை தாளத்தின் வன்மையான இடத்தில் வீழ்ந்தால் ஆங்கிலம் அறிந்தவர் செவிக்கு அது உறுத்தும். ஆனால் உயிரொலியை எத்துணை நீட்டினும் அச்சொல் பெரும்பாலும் அச்சொல்லாகவே நிற்கும். தமிழிலும் கன்னடத்திலும் நிலை இதற்கு மாறானது. இங்குக் குறில் நெடில் வேறுபாடும், ஒற்று இரட்டித்தலும் பொருள் வேறுபடுத்துவன. தமிழில் கல் என்பதை நீட்டினால் கால் ஆகிவிடும். படு என்பதில் ஒற்று மிகுந்தால் பட்டு ஆகிவிடும். கன்னடத்தில் பளெ என்றால் வளையல். பாளெ என்றால் வாழை. அழுத்தம் எங்கு வீழ்ந்தாலும் இச்சொற்களின் பொருள் மாறுவதில்லை. ஆகவே, ஆங்கிலப் பாட்டில் காக்க வேண்டியது அழுத்தம். திராவிட மொழிப் பாட்டில் காக்க வேண்டியது அளபு.

நான்கு எண்ணிக்கை கொண்ட ராக் தாளத்தில் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் முரசின் அடி ஓங்கி ஒலிக்கும். இவ்வமைப்பு அளபைக் கெடுப்பதில்லை. எங்கு ஓங்குவது என்பதை மட்டுமே வரையறுக்கிறது. நம் யாப்பு மரபில் சந்தமும் வண்ணமும் குறில் நெடில் ஒற்று அடைவுகளை வழுவாது காத்துக் கடுந்தாளத்தில் இயங்கியவை. திருப்புகழைப் பாடிப் பழகிய செவிக்கு இது சொல்லாமலே விளங்கும். ஆதலின், நம் மொழிகள் இவ்விசைக்குப் பொருந்தா என்பதற்கு ஒலியியல் சான்று இல்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு 2008-ஆம் ஆண்டின் ரகு தீட்சித் தொகுப்பை மதிப்பிடலாம். அதன் கன்னடப் பாடல்களுள் சில சிசுநாள சரீபருடையவை. சரீபர் (1819-1889) வடகர்நாடகத்தவர், கோவிந்தபட்டரின் மாணவர், தத்துவப் பாடல்கள் புனைந்தவர். புகைபிடிக்கும் குடுகுடியை உருவகமாகக் கொண்டு மெய்ப்பொருள் உரைக்கும் பாடலும் அவருடையதே. நம் சித்தர் பாடல்களோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க மரபு இது. அப்பாடல்களைச் சி. அசுவத் இசையில் முன்னரே கேட்டறிந்தோர் பலர். 1990-இல் வெளிவந்த நாகாபரணாவின் திரைப்படம் அவற்றைப் பரவலாக்கியது. எனவே, புதிய வடிவம் பழையதைச் சிதைத்ததா என்னும் விவாதம் எழுந்தது இயற்கையே. இக்கட்டுரையாளரின் மதிப்பீட்டில், அத்தொகுப்பின் வலிமையான பாடல்கள் இவையே. மோனையும் எதுகையும் அடித்தொடக்கத்திலேயே செவியைப் பற்றுவதால், தாளம் விரைந்தாலும் சொற்கள் கரைவதில்லை. இவ்வியல்பை மறந்து, ஆங்கிலத்தைப் பின்பற்றி அடியிறுதி இயைபை மட்டும் நம்பிப் புதிதாக எழுதப்படும் கன்னட, தமிழ் ராக் பாடல்கள் தளர்ந்து நிற்பதைப் பல குழுக்களிடம் காணலாம். குறை மொழியில் இல்லை; எழுதுமுறையில் உள்ளது.

5. தலைப்பு என்னும் மொழிபெயர்ப்பு

அகம் குழுவின் தொகுப்புகள் மொழிபெயர்ப்பாளர்க்கு வேறொரு சிக்கலைக் காட்டுகின்றன. 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பில் தியாகராசரின் அம்சநாதக் கீர்த்தனை ஒன்று உள்ளது. இராமனிடம் காவற்பணி புரியும் பேற்றை வேண்டுவது அதன் பொருள். தொகுப்பில் அதற்கு இடப்பட்ட ஆங்கிலத் தலைப்போ கலைமகளின் அன்னங்கள் எனப் பொருள்படுவது. அம்சம் என்றால் அன்னம். ஆகவே தலைப்பு பாட்டை விட்டு இராகத்தின் பெயரை மொழிபெயர்த்தது எனக் கொள்ள இடமுண்டு. 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பில், தன் முறையீட்டைக் கேளாயோ என இறைஞ்சும் நளினகாந்திக் கீர்த்தனை, மகர ராசியின் மூடுபனி எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கி வருகிறது.

இராகத்தின் பெயரைத் தலைப்பாக்குவது இசைஞர்க்கு முறையாகத் தோன்றலாம். ஆனால் தெலுங்கு அறியாத இளைஞர் ஒருவருக்கு அப்பாட்டின் பொருளுக்குரிய ஒரே வாயில் அத்தலைப்புதான். அவ்வாயிலில் நுழைபவர் பணி வேண்டி நிற்கும் அடியவரைக் காண்பதில்லை, அன்னத்தையே காண்கிறார். பாடகரின் குரலில் உள்ள இறைஞ்சலை அவர் வீரமாகவோ வியப்பாகவோ பொருள் கொண்டால் பிழை அவருடையதன்று. சொல் இங்கு இன்னொரு கருவியின் ஒலியாக மாறிவிடுகிறது. மூன்றாம் நிலைப்பாடு வெல்வது இவ்வாறே.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் இசைநூல்கள், வருக்க எழுத்துகளைக் காட்ட 2, 3, 4 என எண்ணிட்டு ஒலியைக் காத்தன. அவற்றுள் பல, பதவுரையும் தந்து பொருளையும் காத்தன. எளிய அந்நூல்கள் செய்த பணியை, பெருஞ்செலவில் ஒலிப்பதிவாகும் தொகுப்பொன்று செய்ய இயலாது என்பதற்கில்லை. அகம் குழுவின் இசைத்திறம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. சொல்லின் பொருட்டு அவர்கள் இன்னும் சிறிது உழைத்திருக்கலாம் என்பதே இங்குக் கூறப்படுவது.

6. திறனாய்வுச் சொற்கள்

பாட்டு எம்மொழியில் இருப்பினும், தீர்ப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கூறப்படுகிறது. கன்னடத்தின் சக்கத், பொம்பாட், தமிழின் செம, மாஸ் ஆகியவை வியப்பைத் தெரிவிப்பனவே அன்றிக் காரணம் கூறுவன அல்ல. காரணம் கூற ஹெவி, டைட், ரா என்னும் சொற்களை நாட வேண்டியுள்ளது. இவை முறையே எடை, இழுவிசை, வேகாமை என்னும் பருப்பொருள் நிலையிலிருந்து பெறப்பட்ட உருவகங்கள். தமிழாக்கும்போது உருவகம் நம் மொழியில் என்ன பொருள் தருகிறது என்பதை நோக்க வேண்டும். ஹெவி என்பதற்குக் கனம் பொருந்தும். கனராகம் எனும் வழக்கு முன்னரே உள்ளமையின் செவிக்கும் புதிதன்று. டைட் என்பதை இறுக்கம் என்றால் உணர்ச்சியின்மை என்னும் குறிப்பு வந்துவிடும். கட்டுக்கோப்பு எனல் நன்று. ரா என்பதைப் பச்சை என்றால் இழிபொருள் சேரும். செப்பமிடாத என விரித்துரைப்பதே தக்கது.

டிஸ்டார்ஷன் என்பதைச் சிதைவு என்பர் சிலர். இது குறை கூறுவதாக முடிகிறது. கிட்டார்க் கலைஞர் வேண்டியே உண்டாக்கும் ஒலி அது. தமிழிலக்கணத்தில் திரிதல் ஒரு குற்றமன்று. தோன்றல், கெடுதல் என்பவற்றோடு எண்ணப்படும் விகாரம். ஆதலின் திரிபொலி என்பது பொருத்தமான சொல். மீண்டும் மீண்டும் சுழன்று வரும் ரிஃப் என்பதைச் சுழல்தொடர் எனலாம். பல்லவி என்பது பாட்டின் உறுப்பாதலின் ஆகாது.

ஆல்பம் என்னும் சொல் இன்னும் சுவையானது. பாடல்கள் தனித்தனியே வெளியாகும் நிலையில் தொகுப்பு என்னும் வடிவம் தேவைதானா என்பது சுவைஞரிடையே சூடான வாதம். தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கிறது. தனித்து வெளியாகும் பாடல் முத்தகம். பல பாடல்களின் திரட்டு தொகைநிலை. ஒரு கருத்து முதல் முடிவுவரை செல்வது தொடர்நிலை. தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் 2012-இல், மூன்று சக்கர ஆட்டோவை நினைவூட்டும் தலைப்புடன் மூன்று வட்டுகளாக வெளியிட்ட தொகுப்பைக் குறித்து, நீளம் மிகுந்தது என்பாரும் நகரின் முழுப்படம் என்பாரும் உண்மையில் வாதிடுவது அது தொகைநிலையா தொடர்நிலையா என்பதையே. சொல் கிடைத்தவுடன் வாதம் தெளிவடைவதற்கு இஃது எடுத்துக்காட்டு. தொகைநிலையை நீளத்தால் குறை கூறுதல் ஆகாது. தொடர்நிலையை அவ்வாறு கூறலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ராக் இசைக்கு எம்மொழியும் அயலன்று. ஒவ்வொரு மொழியும் காக்க வேண்டிய ஒலிக்கூறு வேறுபடுகிறது. ஆங்கிலப் பாடலை அழுத்தத்தாலும், திராவிட மொழிப் பாடலை அளபாலும் மதிப்பிட வேண்டும். பிறமொழிப் பனுவலைப் பாடும் குழு அதன் பொருளையும் கேட்போரிடம் சேர்க்கும் கடப்பாடு உடையது. தமிழில் இவ்விசையை மதிப்பிடுதற்குரிய சொற்களுள் பல இலக்கண, அணிநூல்களில் முன்னரே உள்ளன.

ஒரு மொழியில் பாட முடியும் என்பது மட்டும் அதன் வாழ்வுக்குப் போதாது. கேட்ட பாட்டைக் குறித்து அம்மொழியிலேயே வாதிடவும் முடிய வேண்டும். நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் தமிழ் இளைஞர் இருவர், தமக்குப் பிடித்த குழுவின் புதிய தொகுப்பு ஏன் சோர்வு தருகிறது என்பதைத் தமிழிலேயே காரணத்தோடு பேசிக்கொள்ள வேண்டுமாயின், அதற்குரிய சொற்களை ஆராய்ந்து வழங்குவது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பணியாகும்.