புகை மட்டுமா புகைவண்டி?

பழைய புகைவண்டிகளைக் காட்டும் படச்சுருள்களுக்கு இன்று பெருங்கூட்டம் சேர்ந்திருக்கிறது. பெட்டிகளில் பூட்டிக் கிடந்த சுருள்களெல்லாம் தூசு தட்டப்பட்டு, கைபேசித் திரைக்கே வந்துவிட்டன. என்றோ மூடப்பட்ட கிளைப்பாதை, என்றோ உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்ட எஞ்சின், என்றோ புல் மண்டிப் போன நடைமேடை ஆகிய யாவும் மீண்டும் அசைகின்றன, கூவுகின்றன, புகை கக்குகின்றன. பார்ப்பவர் உருகுகிறார். ‘அந்தக் காலம் வருமா!’ என்று பெருமூச்சு விடுகிறார். எஞ்சினின் எண்ணைச் சொல்லுகிறார், சக்கரங்களின் கணக்கைச் சொல்லுகிறார், கொதிகலனின் வகையைச் சொல்லுகிறார். அந்தக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவன் எத்தனை மணி நேரம் நின்றான், அவனுக்குக் கூலி என்ன என்று கேட்டால் மட்டும் விழிக்கிறார்.

இதைப் பக்தி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? தேரின் உயரத்தை வியந்தவன் வடம் இழுத்தவனின் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. எஞ்சினின் புகையை வியப்பவனும் அப்படியே. பெயர்தான் மாறியிருக்கிறது.

தோழர்களே, அந்தப் படங்களைப் பார்க்க வேண்டா என்று நான் கூறவில்லை. பார்க்க வேண்டும். ஆனால், சாட்சியை விசாரிப்பது போலப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தால் சில படங்கள் தேறுகின்றன, சில தள்ளாடுகின்றன. இங்கிலாந்து நாட்டில் எடுக்கப்பட்ட மூன்று படங்களை அந்த நோக்கில் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒரு புராணத்தைக் களைந்துவிடுவோம். பிரெஞ்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் லா சியோத்தா என்னும் ஊரின் நிலையத்துக்குள் புகைவண்டி வந்து நிற்பதைப் படமெடுத்தனர். ஏறத்தாழ ஐம்பது நொடிப் படம். 1896 சனவரியில் மக்களுக்குக் காட்டப்பட்டது. திரையில் வண்டி வருவதைக் கண்ட கூட்டம், தம்மேல் ஏறிவிடும் என்று அஞ்சி அலறி ஓடியது என்று திரைப்பட வரலாறுகள் பலவும் எழுதி வைத்திருக்கின்றன. மார்ட்டின் லோய்பெர்டிங்கர் என்ற செருமானிய ஆய்வாளர் அக்காலச் சான்றுகளைத் தேடிப் பார்த்தார். அலறி ஓடியதற்கு அந்நாளைய சான்று ஒன்றும் கிட்டவில்லை. 1895 திசம்பர் 28 அன்று பாரிசில் கட்டணம் பெற்றுக் காட்டிய முதற்காட்சியில்தான் அது நடந்ததென்று சொல்வாரும் உண்டு. அன்றைய பட்டியலிலோ அந்தப் படமே இல்லை! தலபுராணம் கோயிலுக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தோம், கொட்டகைக்கும் உண்டு போலும். இன்னொரு செய்தியும் உண்டு. அந்த நடைமேடையில் தென்படுவோரில் சிலர் லூமியேர் குடும்பத்தாரே. ‘உள்ளதை உள்ளபடி’ காட்டியதாகப் போற்றப்படும் அந்தப் படத்திலும் யார் கண்ணில் பட வேண்டும் என்பதைக் கருவியைப் பிடித்தவரே முடிவு செய்திருக்கிறார்.

அதே ஆண்டு சூலை 7 அன்று பம்பாயின் வாட்சன் விடுதியில் லூமியேர் படங்கள் காட்டப்பட்டபோது வண்டி வரும் படமும் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் உறவுண்டு. திருச்சியில் தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியில் வரைபடப் பணி பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டு டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். தெற்கே படக்காட்சியைப் பட்டிதொட்டிக்குக் கொண்டு சென்றவர் ஒரு புகைவண்டி ஊழியர் என்பதை நம் திரையுலகம் அடிக்கடி நினைப்பதில்லை.

இனி அந்த மூன்று படங்களுக்கு வருவோம்.

முதலாவது 1936-இல் வந்த ‘நைட் மெயில்’. இங்கிலாந்தின் அஞ்சல் துறையே தன் படப்பிரிவைக் கொண்டு எடுத்தது. ஆரி வாட், பேசில் ரைட் இருவரும் இயக்கினர். கவிஞர் ஆடன் பாட்டெழுத, பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார். இலண்டனிலிருந்து இசுகாட்லாந்துக்கு இரவோடிரவாகக் கடிதம் சுமந்து ஓடும் வண்டியின் கதை அது. பாதையோரக் கம்பத்தில் தோற்பையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வண்டி நில்லாமல் ஓடுகிறது. பெட்டியிலிருந்து நீண்ட வலை அந்தப் பையைக் கவ்விக் கொள்கிறது. இத்தனை நேர்த்தியான ஏற்பாட்டை மனித மூளை வகுத்தது, மனிதக் கை நடத்தியது என்று படம் ஐயமறக் காட்டுகிறது. தொழிலாளி என்றால் கோமாளி என்றிருந்த ஆங்கிலத் திரையில், அஞ்சல் ஊழியர் தம் சொந்தப் பேச்சில் தம் வேலையைப் பேசியது பெருஞ்செயல்தான்.

ஓடும் பெட்டிக்குள் கடிதம் பிரிக்கும் காட்சி, உண்மையில் ஓடும் பெட்டியில் எடுக்கப்பட்டதன்று. படப்பிடிப்பு நிலையத்தில் பெட்டி போல் அமைத்து, உண்மையான ஊழியரையே நிறுத்தி, வண்டியில் ஆடுவது போல் ஆடச் சொல்லி எடுத்தார்கள். ‘அப்படியானால் பொய்தானே?’ என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நான் அதைப் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. அந்தக் கைகள் உண்மையானவை, அந்த வேலையும் உண்மை. என் குறை வேறு. படம் முடியும் தறுவாயில் ஆடனின் பாட்டு எழுந்து சக்கரத்தின் தாளத்தோடு ஓடத் தொடங்கியதும், கடிதம் பெரிதாகிறது, கடிதம் சுமந்தவன் சிறிதாகிறான். இராப்பகலாக நிற்கும் அவனுக்கு ஊதியம் போதுமா என்ற கேள்வி எழவே இல்லை. எழாது, படத்துக்குப் பணம் கொடுத்தவரே அவனுக்கு முதலாளி! எனக்குப் பிடித்த இடம் வேறொன்று. பாதை செப்பனிடும் கூட்டம் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது, வண்டி இரைந்து கடந்து போகிறது. கண் சிமிட்டும் நேரந்தான். ஆனால் அந்த வண்டி எதன்மேல் ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் படத்தில் வேறில்லை.

இரண்டாவது படம் பத்து நிமிடமே ஓடுவது. ‘பிளீத் கில்லில் பனிச்சரிவு’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இருப்புப்பாதைகள் 1948-இல் நாட்டுடைமையான பிறகு, 1949-இல் தோன்றிய பிரிட்டிஷ் போக்குவரத்துப் படப்பிரிவு அதை 1955-இல் வெளியிட்டது. இயக்கியவர் கென்னத் பேர்பேர்ன். வடஇங்கிலாந்தின் மேட்டுநிலத்தில், 1,370 அடி உயரத்தில் ஸ்டெயின்மோர் கணவாயைக் கடந்து சென்ற பாதை அது. 1861-இல் திறக்கப்பட்டது. ஒருபுறம் நிலக்கரி, மறுபுறம் இரும்புத்தாது, இரண்டையும் ஒன்று சேர்க்கவே அந்தப் பாதை பிறந்தது. 1955 பிப்ரவரியில் சரக்கு வண்டி ஒன்று அங்கே பனியில் புதைந்து, நாட்கணக்கில் அகப்பட்டுக் கிடந்தது.

கதை அவ்வளவுதான். கதாநாயகன் இல்லை, காதல் இல்லை, கவிஞரும் இல்லை. வெள்ளைப் பரப்பு. அதில் கறுப்பாக ஒரு எஞ்சின், கழுத்தளவு புதைந்து நிற்கிறது. மண்வாரியோடு மனிதர் வருகிறார்கள், வாருகிறார்கள். வாரிக் கொட்டிய இடத்திலேயே காற்று மீண்டும் பனியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மறுபடியும் வாருகிறார்கள். சக்கரத்தோடு சக்கரத்தைப் பிணைக்கும் தண்டுகள் பனிக்கட்டியாய் உறைந்து போயிருக்கின்றன. எண்ணெயில் தோய்த்த கந்தலைக் கொளுத்தி, அந்தத் தீயைக் காட்டி, இரும்பை மெல்ல மெல்லத் தளரச் செய்கிறார்கள். நீராவியின் மாட்சியைப் பாடுகிற ஆயிரம் அடிச் சுருள்களைவிட இந்தக் கந்தல் தீ எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. எஞ்சின் தானாக இயங்கும் தெய்வம் அன்று, மனிதன் கைவிட்டால் அது குளிர்ந்த இரும்பு என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அங்கே எவரும் வானை நோக்கிக் கைகூப்பவில்லை. பனி நின்றால் வழி திறக்கும் என்று காத்திருக்கவும் இல்லை. இயற்கை அடைத்த வழியை அளவறிந்து, முறை வகுத்து, தோளோடு தோள் சேர்த்துத் திறக்கிறார்கள். பகுத்தறிவுக்குப் படம் வேண்டுமென்று கேட்பவர்க்கு இதைத்தான் காட்டுவேன்.

பெரிய வெற்றி என்று பறையடிக்காமல் முடிகிறது என்பதும் இதன் சிறப்பு. வண்டி விடுபட்டது, பாதை திறந்தது, அவ்வளவே. ஏழாண்டு சென்றது. 1962 சனவரியில், பனியால் மூட முடியாத அந்தப் பாதையை நிர்வாகம் மூடியது. பாதையின் பெருமையாகப் பீலா பள்ளத்தாக்கில் 196 அடி உயரத்தில் நின்ற இரும்புப் பாலம் 1963-இல் உடைக்கப்பட்டது. (அதை வகுத்த தாமசு பவுச் என்பவரே, 1879-இல் ஓடும் வண்டியோடு இடிந்து வீழ்ந்த டே பாலத்தையும் வகுத்தவர். உறுதியாய் நின்றதை உடைத்தது மனிதக் கணக்கு, உறுதியற்றதை உடைத்தது காற்று.) பனியிலிருந்து மீட்கப்பட்ட எஞ்சின் 78018, ஆர்வலர்களால் இன்றும் பேணப்படுகிறது. ஆர்வலர் எல்லார்க்கும் அந்த எண் மனப்பாடம். மண்வாரி பிடித்தவர்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்லும் ஆர்வலரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மூன்றாவது படம், கவிஞர் ஜான் பெட்ஜமன் 1963-இல் பி.பி.சி. தொலைக்காட்சிக்காகச் செய்தது. எவர்கிரீச் சந்திப்பிலிருந்து பர்ன்ஹாம் கடற்கரை நோக்கிச் செல்லும் கிளைப்பாதையில் அவர் பயணம் போகிறார். நிலையம் நிலையமாக இறங்குகிறார், விளக்கைத் தடவுகிறார், மலர்ப்பாத்தியை மெச்சுகிறார். இனிய குரல், இனிய நடை. ஆயினும் எனக்குச் சற்று அலுப்புத் தட்டியது. அவருடைய கண் நிலையத்தின் ஓட்டுக் கூரையில் தங்கிய அளவுக்கு, அதன் கீழ் நின்ற போர்ட்டரிடம் தங்கவில்லை.

ஆனால் அவர் யாரை எதிர்த்துப் பேசினார் என்று பார்த்தால் அவர்பால் பரிவு பிறக்கிறது. அதே 1963 மார்ச்சில் மருத்துவரல்லாத ஒரு டாக்டர், இயற்பியல் கற்ற பீச்சிங் என்பவர், இங்கிலாந்தின் பாதைகளுக்கு அறுவைச் சிகிச்சை எழுதிக் கொடுத்தார். 2,363 நிலையங்களை மூடுக, ஏறத்தாழ 5,000 மைல் பாதையைப் பெயர்க்க என்றது அவர் அறிக்கை. ‘உணர்ச்சி வேண்டா, கணக்கைப் பார்’ என்றனர் அவர் பக்கத்தார். கணக்கைப் பார்க்க நாமும் ஆயத்தமே! அந்தப் பயணிகள் கணக்கு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் எடுக்கப்பட்டது. கோடையில் மட்டும் நிரம்பி வழியும் கடற்கரைப் பாதைக்கு ஏப்ரல் வாரம் எப்படி அளவுகோலாகும்? கார்த்திகையில் எண்ணிப் பார்த்துவிட்டுக் குற்றாலத்துச் சாரல்காலக் கூட்டத்தைக் கணிப்பது போன்றதன்றோ? எண்கள் நிறைந்திருப்பதால் மட்டும் ஓர் ஏடு அறிவியல் ஆகிவிடாது. பஞ்சாங்கத்திலும் எண்கள் நிறைந்துதான் இருக்கின்றன. பெட்ஜமன் இந்தக் கணக்கைக் கணக்காலேயே மடக்கியிருக்கலாம். மலரைக் காட்டி உருகினார். 1966 மார்ச் 7 அன்று அந்தப் பாதை மூடப்பட்டது.

நம் நாட்டுப் பழைய மீட்டர் கேஜ் பாதைகளின் படங்களும் இப்போது ஏராளமாக உலவுகின்றன. பெரும்பாலானவை பெட்ஜமன் வழியில் செல்கின்றன, அவருடைய மொழிநடை மட்டும் நம்மவர்க்கு இல்லை! போடி வண்டியின் பழங்காட்சிகளைப் போட்டு, பின்னணியில் ஒரு சோகப் பாட்டை ஓடவிடுகிறார்கள். 1928-இல் திறந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்புக்காகப் பெயர்க்கப்பட்டு, மீண்டும் இடப்பட்ட பாதை அது. அகலப்படுத்துவதற்காக 2010 இறுதியில் நிறுத்தினார்கள். 2023 சூன் மாதம்தான் போடிக்கு மறுபடி வண்டி வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஏலக்காய் வணிகரும், தோட்டக் கூலியும், கல்லூரி மாணவரும் பேருந்தில் நின்றுகொண்டு மதுரை சென்றார்கள். இவ்வளவு காலம் ஏன் என்று சோகப் பாட்டு கேட்காது.

பழைய நடைமேடைக் காட்சியில் பெயர்ப்பலகை தெரிகிறதே, அதையும் சும்மா விடாதீர்கள். எழுத்தழகை வியக்கும் ஆர்வலர்க்கு அது வெறும் பலகை. 1952-இல் இந்தி எழுத்தின்மேல் தார் பூசியவர்க்கும், 1953 சூலை 15 அன்று டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றிக் கல்லக்குடி என்று ஆக்கக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்தவர்க்கும் அது வெறும் பலகையாகத் தோன்றவில்லை. நடைமேடையை ஒட்டி உணவுவிடுதி தெரிந்தால் அங்கேயும் நிற்க வேண்டும். பார்ப்பனர்க்குத் தனியிடம், மற்றவர்க்குத் தனியிடம் என்று பிரித்து வைத்திருந்தனர் அந்த விடுதிகளில். பெரியார் எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல்தான் அந்த இழிவு அகன்றது. எல்லாரையும் ஒரே எஞ்சின் இழுத்தது, சோறு மட்டும் பிரிந்து நின்றது. ‘அந்தக் காலம் வருமா’ என்று பெருமூச்சு விடுபவரை நோக்கி, எந்தப் பகுதியில் அமர்ந்து உண்ணும் எண்ணம் என்று கேட்டுப் பாருங்கள்.

நாகப்பட்டினம் பணிமனையைக் காட்டும் ஒளிப்படமோ படச்சுருளோ கிட்டினால், 1928 என்ற ஆண்டை நினைவில் வைத்து அதைப் பார்க்க வேண்டும். பணிமனைகளைத் திருச்சிப் பொன்மலையில் ஒன்று சேர்த்து, திறமைத் தேர்வு என்ற பெயரில் ஆட்குறைப்புச் செய்ய முனைந்தது கம்பெனி. சூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. பின்னாளில் ‘குடிஅரசு’ ஏட்டில் அறிவியல் கட்டுரை எழுதிய அதே சிங்காரவேலர், அறுபத்தெட்டு வயதில், அந்தத் தொழிலாளர் பக்கம் நின்றதற்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். அந்தப் பணிமனையிலிருந்து வெளிவந்த பளபளக்கும் எஞ்சினைப் பார்க்கும்போது அதைத் துலக்கிய கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதும் காட்சியின் ஒரு பகுதியே.

மன்றங்களில் படக்காட்சி நடத்தும் தோழர்கட்கு ஒன்று சொல்வேன். ‘நைட் மெயில்’, ‘பிளீத் கில்’ இரண்டும் சேர்ந்தே நாற்பது நிமிடத்தைத் தாண்டா. முதலில் அஞ்சல் வண்டியையும் அடுத்துப் பனியையும் காட்டுங்கள். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துங்கள். பனிப்படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, மழைக்காலத்தில் மண் அரித்துப் போன பாதையைத் தம் ஆட்கள் எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்று அவரையே பேசச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் எண்களை அவர் மறந்திருந்தால் வற்புறுத்த வேண்டா. உடன் வேலை செய்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள்.