பானமும் பருவமும்

தமிழ்க் கதைகளில் வரும் குடிகாரர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே ரகம்தான் தேறும். ஒருவன் சம்பளத் தேதியன்று தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியை அடிப்பவன். மற்றவன் காதலில் தோற்று இருமி இருமிச் சாகிறவன். 1953-ல் தேவதாஸ் படம் வந்த பிறகு இந்த இரண்டாவது ஆசாமிக்குக் கிராக்கி அதிகமாகிவிட்டது. இவர்கள் என்ன குடித்தார்கள், அது புளித்ததா இனித்ததா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அது ஐப்பசியா சித்திரையா என்பதையெல்லாம் கதாசிரியர் சொல்வதில்லை. நாடகத்து வில்லனுக்கு மீசை எப்படியோ, அப்படி இவர்கள் கையில் ஒரு பாட்டில்.

குடிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. குடியால் அழிந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நான் கேட்பது எழுத்தைப் பற்றிய கேள்வி. ஒரு விஷயத்தைக் கெட்டது என்று தீர்மானித்து விட்டால், அதைப் பார்க்காமலே எழுதலாம் என்று ஆகிவிடுமா?

நம் பழைய கவிகள் பார்த்துத்தான் எழுதினார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். 500 அடி. உ. வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டதால் நமக்குக் கிடைத்த பொக்கிஷங்களில் ஒன்று. காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் சந்தித்த இன்னொரு பாணனுக்குப் பாதை சொல்கிறான். இந்த நிலத்துக்குப் போனால் இது கிடைக்கும், அடுத்த நிலத்தில் அது கிடைக்கும் என்று வாய் ஊறச் சொல்லிக்கொண்டே போகிறான். இடையர் குடியில் தினைச் சோறும் பாலும், உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும், அந்தணர் வீட்டில் மோரும் மாவடுவும், கரும்பாலையில் சாறு. ஊருக்கு ஊர் வேறு கலம், வேறு ருசி.

அந்தப் பாட்டில் வலைஞர் குடியிருப்பு வரும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. கொழியல் அரிசியைக் கூழாகத் துழாவி, ஆற வைத்து, முளைத்த நெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்த பானம். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். தானியத்தை முளைக்க வைத்து அதன் மாவைக் கொண்டு நொதிக்கச் செய்வதுதான் பீர் என்றால், இது நம் ஊர் பீர். கவி அதைப் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. செய்முறையைச் சொல்கிறார். அந்த வீட்டுக்குள் நாமும் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

கள் குறைவாக இருந்தால் நமக்கே தருவான், நிறைய இருந்தால் நாம் பாடத் தானும் உடன் உண்பான் என்று அதியமானை நினைத்து ஔவை அழுகிற புறப்பாட்டும் இருக்கிறது. அங்கே கள் என்பது நட்பின் அளவுகோல். இதற்கு நேர் எதிரே நிற்கிறார் வள்ளுவர். கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் அவரும் பார்க்காமல் எழுதவில்லை. பெற்ற தாயின் முகத்துக்கு முன்னால் இந்தக் களிப்பு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். ஔவை உடன் இருந்தவனைப் பார்த்தாள். வள்ளுவர் எதிரே நின்றவளைப் பார்த்தார். இருவருக்கும் குடி என்பது மனிதர்களுக்கு நடுவே நடக்கிற காரியம். நம் கதைகளில் மட்டும் அது பாட்டிலுக்கும் தொண்டைக்கும் நடுவே நின்றுவிடுகிறது.

இதற்குச் சரித்திர காரணமும் உண்டு. 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அதன் ஆரம்ப வருஷங்களில், 1949 முதல் 1952 வரை, முதல் மந்திரியாக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. நம் பத்திரிகைக் கதை வளர்ந்து வாலிபமானது இந்த இடைக்காலத்தில். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் படிக்கும் பத்திரிகையில், சட்டம் விலக்கிய பொருளைப் பற்றி ரசனையோடு எழுத யார் துணிவார்கள்? அப்போது பிடித்த வழக்கம், சட்டம் மாறிய பிறகும் விடவில்லை.

சமீபத்தில் ராஜபாளையத்துச் சிநேகிதர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். பாண்டேஜ் துணி வியாபாரம் செய்கிறவர். அவருடைய மைத்துனர் ஜெர்மனியிலிருந்து எழுதியிருந்தாராம்: அங்கே இலையுதிர் காலத்தில் நண்பர்கள் கூடி, கடை கடையாக ஏறி, அந்தப் பருவத்துக்கென்றே வடித்த பீரை ருசி பார்க்கிறார்கள் என்று.

"நாமும் நாலு பேர் சேர்ந்து இங்கே ஆரம்பித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் முடிப்போமே. பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தானே?" என்றார்.

"போகலாம் ஐயா. முதல் கடையில் கிடைக்காத எது இரண்டாவது கடையில் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பில்லு வேறயா இருக்கும்" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. 2003 முதல் சில்லறைக் கடைகள் எல்லாம் டாஸ்மாக்குக்குச் சொந்தம். மாசி என்றாலும் மார்கழி என்றாலும் அதே பாட்டில், அதே லேபிள். 1987 முதல் கள் இறக்கத் தடை. பங்குனி, சித்திரையில் பனையிலிருந்து இறங்கும் பதநீர்தான் இந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் பருவ பானம். கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் காக்கிறது. அதைத் தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அதே சாறு கள்ளாகிவிடும். அதுவும் ஐப்பசி மழையில் கிடைக்காது. ஆகவே என் சிநேகிதரின் திட்டப்படி போனால், ஒரே கடைக்கு ஐந்து தடவை போய் வந்த பலன்தான் கிடைக்கும். அதைக் கொண்டு ஆற்றுப்படை பாட முடியாது.

ஜெர்மனிக்காரர்களின் பருவம் ஏதோ விளம்பரத்துக்காகப் பிறந்ததல்ல. கோடை வெப்பத்தில் வடித்தால் பீர் கெட்டுப் போயிற்று. அதனால் பவேரியாவில் 1553-ல் ஓர் ஆணை போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை வடிக்கக் கூடாது என்று. மார்ச் மாசத்தில் சற்றுக் கனமாக வடித்துக் குளிர்ந்த நிலவறைகளில் வைத்தார்கள். கோடை முழுவதும் எடுத்துக் குடித்து, மிச்சத்தை இலையுதிர் காலத்தில் தீர்த்துப் பீப்பாயைக் காலி செய்தார்கள். 1810-ல் பட்டத்து இளவரசரின் கல்யாணத்தையொட்டி மூனிச்சில் பிறந்த அக்டோபர் விழாவும் இந்தக் காலத்தோடு சேர்ந்துகொண்டது. காத்திருந்ததுதான் அந்தப் பானத்தின் ருசி.

காத்திருப்பின் ருசியைச் சொல்ல மூனிச் வரை போக வேண்டியதில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரே போதும். திருப்பாவையை பக்தியோடு படிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். நான் ஒப்பிடுவது பானத்தை அல்ல, கூடிப் போகும் ஒழுங்கை. மார்கழி என்று பருவம் குறித்தாயிற்று. நெய்யும் பாலும் கூடாதென்று இரண்டாம் பாட்டிலேயே விரதம் எடுத்தாயிற்று. ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறார்கள். ஒருத்தி தூங்குமூஞ்சி, ஒருத்தி வாயாடி, ஒருத்தி நேற்றுச் சொன்னதை இன்று மறந்தவள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிறுகதை இருக்கிறது. இருபத்தேழாம் பாட்டில்தான் பால் சோறும் நெய்யும் வருகின்றன, எல்லாரும் கூடியிருந்து உண்ண. விலக்கிய பொருளே விருந்தாகத் திரும்புகிறது. இந்தக் கட்டுக்கோப்பை விடச் சிறந்த கதையமைப்பை எந்த நாவலாசிரியன் கற்பனை செய்யப் போகிறான்?

ஆகவே புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குடிகாரனை எழுதுங்கள்; தாராளமாகக் கண்டித்தும் எழுதுங்கள். ஆனால் அவன் கையில் இருப்பது என்ன, அது எங்கே விளைந்தது, எந்த மாசம், பக்கத்தில் யார், வீட்டில் விழித்துக்கொண்டிருப்பது யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பருவமும் இடமும் தொலைந்துபோன பானத்தைத்தான் இன்று அவன் குடிக்கிறான் என்றால், அதையாவது சொல்லுங்கள். அதைச் சொன்ன கதையை நான் இன்னும் படிக்கவில்லை.

என் சிநேகிதர் திட்டத்தைக் கைவிடவில்லை. பங்குனிக்குத் தள்ளி வைத்திருக்கிறார். விடியற்காலையில் பதநீர், முடிவில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்று ஏற்பாடு.