இழவு வீட்டு நாற்காலி

கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையில் ஒரு வீட்டுக்குப் புது நாற்காலி வருகிறது. அதில் உட்கார வீடே போட்டி போடுகிறது. ஓர் இரவு ஊரில் சாவு. பிணத்தை உட்கார வைக்க அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்த நாற்காலியில் உட்காரப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வரவில்லை. அப்புறம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் நாற்காலி கேட்டு ஆள் வந்துவிடுகிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில், இடைசெவலில் பிறந்த கி.ரா. சாவைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு சாமானாக வைத்துச் சிரிக்க வைக்கிறார். கடந்த 25 ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாட்களும் சிறு குழுக்களும் வரைந்து இணையத்தில் உலவவிட்ட அவல நகைச்சுவை அனிமேஷன்களில் என் மனதில் தங்கியவை எல்லாம் இந்தச் சிரிப்புக்குச் சொந்தபந்தம்.

அவற்றுக்கு வழி திறந்தது ஃப்ளாஷ் மென்பொருள். அது கோடுகளைக் கணக்காகச் சேமித்ததால் கோப்பு சிறியதாக இருந்தது. மெதுவான தொலைபேசி இணைப்பிலும் படம் ஓடியது. ஒருமுறை வரைந்த கையையும் தலையையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். டாம் ஃபுல்ப் தொடங்கிய ‘நியூகிரவுண்ட்ஸ்’ போன்ற தளங்களில் வரைந்தவரே படத்தை நேராக வெளியிட்டார். 1999இல் வந்த ‘ஹேப்பி ட்ரீ ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் பொம்மை போன்ற விலங்குக்குட்டிகள் கோரமாகச் சாகும். அடுத்த படத்தில் ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்கும். முதல் நான்கு படங்களுக்குச் சிரிப்பு வரும். பிறகு ரத்தம் பழகிவிடும், சிரிப்பும் வற்றிவிடும். 2004இல் இங்கிலாந்தின் டேவிட் ஃபர்த் வெளியிட்ட ‘சாலட் ஃபிங்கர்ஸ்’ அப்படி வற்றுவதில்லை. துருப்பிடித்த கரண்டியைத் தடவி மகிழும் அந்தத் தனியன் பயமுறுத்துகிறான். அவனுக்காக மனம் இளகவும் செய்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது டான் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் ‘ரிஜெக்டட்’ (2000). இணையத்துக்காக எடுத்த படம் இல்லை. காகிதத்தில் வரைந்து பழைய ஃபிலிம் கேமராவில் பிடித்தது. ஆனாலும் இணையம்தான் அதை உலகெங்கும் கொண்டுபோனது. நிராகரிக்கப்பட்ட விளம்பரப் படங்களின் தொகுப்பு என்பது அதன் பாவனை. வரைகிறவனின் மனம் குலையக் குலைய விளம்பரங்களும் பித்தேறிப் போகின்றன. கடைசியில் அவன் வரைந்த காகிதமே கசங்குகிறது. உள்ளே இருக்கும் குச்சி மனிதர்கள் தப்பிக்க இடமில்லாமல் அலறுகிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று அந்தக் குச்சி உயிர்களுக்காகப் பதறுவார். இரண்டு கோடும் ஒரு வட்டமும் இவ்வளவு செய்யும் என்பதை அதற்கு முன் நான் நம்பியதில்லை. படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷின் ஆதரவு நின்றது. ‘ரஃபிள்’ என்ற மென்பொருளின் தயவில் பழைய படங்கள் பல இன்னும் ஓடுகின்றன. கூட்டமும் குறையவில்லை: 2023இல் ஆஸ்திரேலியாவின் கிளிட்ச் நிறுவனம் யூடியூபில் வெளியிட்ட ‘தி அமேசிங் டிஜிட்டல் சர்க்கஸ்’ தொடரின் முதல் படத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் கி.ரா.வுக்கு மிக அருகில் நிற்பது மலையாளப் படமான ‘கண்டிட்டுண்டு’. பி.என்.கே. பணிக்கர் என்ற பெரியவர் தாம் கண்ட பேய் பிசாசுகளைப் பற்றிச் சாவகாசமாகச் சொல்ல, அதிதி கிருஷ்ணதாஸ் அதைக் கறுப்பு வெள்ளையில் அசைத்துக் காட்டினார். 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அனிமேஷன் படம் அதுதான். பெரியவரின் பேச்சில் உள்ள இழுப்பும் நிறுத்தமும்தான் படத்தின் நடை. இந்தியில் ‘மேக் ஜோக் ஆஃப்’ யூடியூப் படங்களும் கான்பூர் வட்டாரப் பேச்சை நம்பியே நிற்கின்றன. கீதாஞ்சலி ராவ் வரைந்த ‘பிரின்டட் ரெயின்போ’ (2006) நகைச்சுவைப் படம் ஆகாது. ஆனாலும் கோவில்பட்டிக்காரர்கள் தவறவிடக்கூடாது: தனியே வாழும் கிழவி ஒருத்தி தீப்பெட்டிப் படங்களுக்குள் புகுந்து உலவும் 15 நிமிடக் கனவு அது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி லேபிள்களுக்கு இதைவிட அழகான மரியாதையை நான் பார்த்ததில்லை.

தமிழில் யூடியூபைத் திறந்தால் கண்ணில் படுபவை பெரும்பாலும் நீதிக்கதைகளும் மாமியார் மருமகள் சண்டைகளும். எனக்கு இது பெரிய வருத்தம். திரைக்குப் பின்னால் விளக்கேற்றித் தோல் பொம்மைகளை ஆட்டியவர்கள் நாம். தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்தின் நடுவே புகுந்து அடித்துக்கொள்வார்கள், வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். சனங்கள் காத்திருந்தது அவர்களுக்காகத்தான். மழை பொய்த்த கரிசலில் பசியையும் கடனையும் சாவையும் கேலி பேசியே தாண்டிய கதைகள் இருக்கின்றன. கி.ரா. தொகுத்த ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ ஒன்றே பல வருட வேலைக்குப் போதும்.

கருவிக்கும் இப்போது தட்டுப்பாடில்லை. 2025இல் ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் ‘ஃப்ளோ’, இலவச மென்பொருளான பிளெண்டரில் உருவானது. நொடிக்கு 12 படம் என்று வைத்தால் மூன்று நிமிடத்துக்கு 2,160 படங்கள். ஃப்ளாஷ்காரர்களைப் போல வெட்டி ஒட்டினால் அதிலும் பெரும்பகுதி மிச்சம். குரல் மட்டும் உள்ளூரில் எடுத்தாக வேண்டும். சாவு வீட்டுத் திண்ணையில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் பெரியவர்கள் கரிசல் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கைப்பேசியோடு போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்துகொண்டு, அதற்கேற்பப் படம் வரைய ஆரம்பிக்கலாம்.