நன்றியறிதலும் ஆராய்ச்சிப் பொருளும்

நன்றியறிதல் நெடுங்காலமாக அறநூல்களுக்கும் பத்திநூல்களுக்கும் உரிய விடயமாகவே கருதப்பட்டு வந்தது. திருக்குறளில் அஃது ஓரதிகாரம் பெற்றுள்ளது; உரோம ஞானியாகிய செனேக்கா உதவி செய்தலும் பெறுதலும் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட தனிநூலே யாத்தார். அதனை அளவுகோல் கொண்டு அளக்கலாம் என்னுந் துணிவு மேனாட்டு உளவியலாரிடை அண்மைக் காலத்திலேயே வலுப்பெற்றது. அத்துணிவுக்குப் பெரிதும் பொருளுதவி புரிந்தது ஜோன் ரெம்பிள்ரன் மன்றமாகும்.

அமெரிக்காவின் தெனெசி மாநிலத்தில் 1912இற் பிறந்து, முதலீட்டுத் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய ரெம்பிள்ரன் இம்மன்றத்தை 1987இல் நிறுவினார். அவர் பெயரால் வழங்கும் பரிசை 1975இற் பெற்ற டாக்டர் இராதாகிருஷ்ணன், அத்தொகையை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக்கே அளித்துவிட்டார். இம்மன்றத்தின் உதவியோடு, 2020ஆம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாவிலுள்ள பயோலா என்னுங் கிறித்தவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, இறைவனுக்கு நன்றி பாராட்டுதலை உளவியலாரும் தத்துவவியலாரும் இறையியலாரும் ஆராயும் திட்டமொன்று தொடங்கிற்று.

சமயப் பற்றுடையார் தரும் பணம் ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும் என்பார் உளர். அஃது அவசரக் கண்டனம். இருதய சத்திரசிகிச்சை பெற்ற 1802 நோயாளரை மூன்று கூறாக்கி, முகமறியாதார் செய்யும் பிரார்த்தனை அவர்க்கு உதவுமோ என ஆராய்ந்த பெரும் பரிசோதனையொன்றின் முடிவு 2006இல் வெளிவந்தது. அதற்கும் பொருளளித்தது இம்மன்றமே. பிரார்த்தனையால் யாதொரு பயனும் காணப்படவில்லை. அதுமட்டுமோ, தமக்காகப் பிரார்த்தனை நடைபெறுகிறதென உறுதியாக அறிந்திருந்தோருள் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன. பிரார்த்தனை பெற்றும் அதனை அறியாதிருந்தோருள் 52 சதவீதத்தினருக்கே அவை நேர்ந்தன. பொருளளித்தார் விரும்பத்தக்க முடிவன்று இது, எனினும் மறைக்கப்படவில்லை. ஒரு சான்றால் எல்லாம் நிறுவப்பட்டுவிடாது. ஆயினும், விலைபோன ஆய்வு என ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் முறையாகாது. (நன்றியைப் பற்றிய ஆய்வேடு, பொருளளித்தார்க்கு நன்றி கூறி முடிவதைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும்.)

குறை வேறோரிடத்தில் உளது. பணம் விடையை வாங்காதொழியினும் வினாவைத் தெரிந்துகொடுக்க வல்லது. எம்மன்ஸ், மக்கலோ ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வை நோக்குக. மாணவருள் ஒரு சாரார் பத்து வாரகாலம், வாரந்தோறும், தாம் நன்றி பாராட்டத்தக்கவை ஐந்து வரையில் எழுதினர். மற்றொரு சாரார் தம்மை வருத்தியவற்றை எழுதினர். மூன்றாஞ் சாரார் நிகழ்ந்தவற்றை வாளா எழுதினர். முதற்சாரார் தம் வாழ்வைப் பற்றி நல்லெண்ணம் மிக்கோராகவும், உடல்நோவு குறைந்தோராகவும் காணப்பட்டனர். அவ்விளைவு சிறிதே எனப் பின்வந்த தொகுப்பாய்வுகள் கண்டன. சிறிதாயினும் ஆகுக; அவ்வாய்வின் வினா, நன்றி பாராட்டுவோனுக்கு யாது நன்மை என்பது. அதே வினாவை இறைவன்பாற் பாராட்டும் நன்றிக்கும் பொருத்துங்காலே இடர்ப்பாடு தோன்றுகிறது. நித்திரை நன்கு வரும் என்பதற்காக ஒருவன் இறைவனுக்கு நன்றி கூறுவானாயின், அதனை நன்றியறிதல் என்பதோ வைத்தியம் என்பதோ?

மேலும், பெற்ற நன்மையோடு நன்றியைப் பிணைத்தே இவ்வளவுகோல்கள் அமைகின்றன. பேருந்து விபத்தில் உயிர் தப்பியவன் கடவுளுக்கு நன்றி கூறுகிறான். அவன் பக்கத்து ஆசனத்திலிருந்து மாண்டவனுடைய தாயின் செவியில் அந்நன்றி எங்ஙனம் ஒலிக்கும்? பயோலாத் திட்டம் தத்துவவியலாரையும் அழைத்தமை இதனாலேயே பாராட்டற்பாலது. ஆனால், ஏழு படிகளுள் ஒன்றைக் குறிக்குமாறு மாணவனிடம் நீட்டப்படும் வினாக்கொத்தில் அத்தாய்க்கு இடமில்லை.

சைவ சித்தாந்திகள் அறக்கருணை, மறக்கருணை எனக் கருணையை இருவகைப்படுத்துவர். திருநாவுக்கரசரைப் பற்றிய சூலைநோயை இறைவன் அவரை ஆட்கொண்ட வழியாகவே சேக்கிழார் காட்டுவர். நன்றி பாராட்டத்தக்கவை ஐந்து எழுதுக எனப் பணித்தால், அப்பரடிகள் அச்சூலையையன்றோ முதலில் எழுதுவார்? வருத்தியவற்றை எழுதுக எனினும் அதனையே எழுதியிருத்தல் கூடும். இரு தாள்களுக்கும் ஒருங்கே உரிய இத்தகைய அனுபவத்தை எச்சாராருட் சேர்ப்பது? சாரார் சாராராகப் பிரித்தலையே அடிப்படையாகக் கொண்ட பரிசோதனை இவ்விடத்தில் வாயடைத்து நிற்கிறது.

மகப்பேறின்றியும், பிள்ளையைப் பறிகொடுத்தும், நோயிற் கிடந்தும் கோயில் வாயிலை விடாதோர் எச்சமயத்திலும் உளர். அவரை நேரிற்கண்டு, உரைப்பனவற்றைப் பொறுமையோடு கேட்டெழுதும் ஆய்வுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. மன்றங்கள் விரும்பின் அதற்கும் சிறிது வழங்கலாம். இறைவன்மேற் சினங்கொண்டு கோயிற் பக்கமே திரும்பாதோரையும் அவ்வாய்வு கணக்கிற் கொள்ளல் வேண்டும்.