வேற்காடும் விடுபட்ட ஆறும்

திருவேற்காட்டைப் பற்றி யார் எழுதினாலும் கோயிலில் தொடங்கிக் கோயிலிலேயே முடிக்கிறார்கள். வேல மரம் அடர்ந்த காடு என்பதால் வந்த பெயர். நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்ற இடம் என்று தலபுராணம் அதை எடுத்துக்கொண்டது. மரம் வேதமானபோது காடு போயிற்று. ஊரை ஒட்டி ஓடும் கூவம் என்ன ஆயிற்று?

சூதாடி அடியார்க்கு அமுதளித்த மூர்க்க நாயனாரின் ஊர் இது. சேக்கிழாரின் குன்றத்தூரும் இங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் ஊரை அறிமுகப்படுத்தும் பாட்டில் அவர் சொல்வது, பாலி நதிக்கு வடக்கே என்று. பாலி என்றால் பாலாறு. பாலாறே ஒருகாலத்தில் இந்தத் தடத்தில்தான் ஓடியது என்பாரும் உண்டு. இருக்கட்டும். புனிதத்துக்குப் பாலி, சாக்கடைக்குக் கூவம் என்று ஒரே தடத்துக்கு இரண்டு பெயர் புழங்குவதுதான் என் கவலை. பட்டணத்துப் பேச்சில் கூவம் வசைச்சொல் ஆகிவிட்டது.

அரசின் சொல்லாடல் இன்னொரு வகை. மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆற்றுக்குள் தூண்கள் எழுந்தன. நீரோட்டத்தைத் தடுக்கிறது என்று 2012இல் மாநில அரசு நிறுத்தியது. 2022இல் அதே திட்டத்துக்கு ஈரடுக்காக மறுபடி அடிக்கல். இடைப்பட்ட காலத்தில் ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று கரையோரக் குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். குடிசை என்றால் ஆக்கிரமிப்பு, தூண் என்றால் வளர்ச்சி!

சூதில் தோற்று முரண்டு பிடித்தவர்களை உடைவாளால் குத்தியவர் மூர்க்கர். வென்ற பொருளைக் கையால் தொடாமல் சமையலுக்குக் கொடுத்து, கடைசிப் பந்தியில் உண்டார் என்பதால் நாயனாரானார். பிரதிக்குள் இடம் கிடைத்தவருக்கு வாளும் தொண்டு ஆகிறது. கிடைக்காதவருக்குக் குடியிருப்பதே குற்றம். புராணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் எம்.ஏ. படித்த நானும் மூர்க்கரை மனப்பாடம் செய்தேனே தவிர, அவர் ஊர் ஆற்றைக் கேட்டதில்லை.

ஐப்பசி பிறந்தால் நொளம்பூர் தரைப்பாலத்துப் பக்கம் ஒரே கேள்விதான். "பாலம் போவுதா, முழுகிடுச்சா?" வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆற்றை அன்றாடம் வாசிக்கும் வாசிப்பு இது. எந்தத் தலபுராணத்திலும் எந்தத் திட்ட அறிக்கையிலும் இதற்கு இடமில்லை. இந்த ஊரின் வரலாற்றை அந்தக் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கலாம். யார் எழுதப் போகிறோம்?