இருபதில் ஒருவர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் சொல்லப்படும், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையை எல்லாரும் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு விதி: ஊர்ச் சபையின் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை. ஆனால் அந்தச் சபை சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை. ஊரில் மிகப் பலருடைய பெயர் குடத்துக்குள் விழவே வழியிருக்கவில்லை. கணக்குக் கேட்பதில் அவ்வளவு கண்டிப்பு, ஆளைச் சேர்ப்பதில் அவ்வளவு குறுக்கம். இன்றைய பள்ளிகளிடம் நாம் கேட்கும் கணக்கிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

பள்ளியின் கணக்கு என்றால் நடைமுறையில் பொதுத்தேர்வு ரிசல்ட்தான். மாநில ரேங்க் பட்டியலை 2017இல் அரசு நிறுத்தியது, நல்ல காரியம். தேர்ச்சி சதவீதம் மட்டும் அப்படியே நிற்கிறது. மாவட்ட வாரியாக வெளியாகிறது. நூறு சதவீதம் எடுத்த பள்ளிகளை எண்ணிச் சொல்கிறார்கள், பாராட்டுகிறார்கள். இதை முழுக்கக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ரிசல்ட் கேட்காத காலத்தில் கிராமத்து அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறதா என்றே மேலிடம் கேட்டதில்லை. இப்போது மாற்றுத்திறனாளி மாணவர் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் தேர்வுத்துறை தனியாகச் சொல்கிறது. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் 13,510 பேர் எழுதி 12,491 பேர் தேறினார்கள். 92.45 சதவீதம். அந்த ஆண்டு மொத்தத் தேர்ச்சியே 91.55தான்.

அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்தச் சதவீதத்தின் அடியில் இருக்கும் எண், தேர்வறைவரை வந்து சேர்ந்தவர்களின் எண். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர், வீட்டிலேயே இருந்துவிட்டவர், டி.சி. வாங்கிக்கொண்டு போனவர் அதில் இல்லை.

சிறிய பள்ளியில் இந்தக் கணக்கு இன்னும் கொடுமையாக வேலை செய்யும். உத்திரமேரூர் வட்டாரத்தில், பத்தாம் வகுப்பில் இருபதே பேர் படிக்கும் ஒரு பள்ளியை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை தவறினால் நூறு தொண்ணூற்றைந்தாகிவிடும். இருநூறு பேர் எழுதும் நகரத்துப் பள்ளியில் அதே ஒரு பிள்ளையின் எடை அரை சதவீதம். கற்றல் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ உள்ள அந்த ஒருவர், தேர்வெழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் இருந்தால் தலைமையாசிரியருக்கு வயிற்றில் நெருப்பு. "பிரைவேட்டா எழுதட்டுமே" என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது. சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவரை மேலே கூப்பிட்டுக் கேட்கப்போவது அந்த ஐந்து சதவீதத்தைத்தான்.

அமெரிக்காவில் 2002 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம் இந்த மறைப்பை உடைக்கப் பார்த்தது. எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது என்று பொருள்படும் பெயர் அதற்கு. மாற்றுத்திறனாளி மாணவர்களில் 95 சதவீதத்தினராவது தேர்வெழுத வேண்டும், முடிவைத் தனியாக வெளியிட வேண்டும் என்றது. அவர்களை ஒதுக்கிவைத்து நல்ல பெயர் எடுக்கும் வழி பெருமளவு அடைபட்டது. அதுவரை சரி. ஆனால் 2014க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்று நடக்காத இலக்கு வைத்தார்கள். குறைந்தபட்சம் இத்தனை மாணவர் இருந்தால்தான் அந்தப் பிரிவுக்குத் தனிக் கணக்கு என்று மாநிலங்கள் எல்லை போட்டுக்கொண்டதால் சிறு பள்ளிகள் பல தப்பித்துக்கொண்டன. 2015இல் வேறு சட்டம் வந்தது. நம் கிராமத்துப் பள்ளிக்கு இதில் பாடம் உண்டு: ஒன்றிரண்டு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சதவீதம் எதையும் காட்டாது.

நம்மூரில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று தேர்வுச் சலுகைகள் இருக்கின்றன. தேவையானவை. இவற்றைச் சலுகை என்று சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவற்றை அரசின் கடமையாக எழுதியிருக்கிறது. இவை தேர்வறையில் உதவுகின்றன, வகுப்பறையில் யார் உதவுவது? எட்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நியாயமே. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்காமலே ஒரு பிள்ளை ஒன்பதுக்கு வரும்போது, எட்டு ஆண்டுகளாக என்ன நடந்தது என்று கேட்கும் கணக்கு எதுவும் கிடையாது.

வகுப்பறையில் உதவ வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் பொதுவானவர், பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி 2025இல் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இந்தப் பயிற்றுநர்களுக்குச் சம்பளம் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தொண்ணூற்றைந்துக்குத் தலைமையாசிரியர் விளக்கம் எழுதுகிறார். நின்றுபோன இந்தப் பணத்துக்கு எந்தப் பிள்ளைக்கும் எவரும் விளக்கம் எழுதவில்லை.

அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் கற்றல் முன்னேற்றத்தையும் படிப்பை முடித்தாரா என்பதையும் கண்காணிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு மாணவரும், சதவீதம் அல்ல. அப்படியானால் கேட்க வேண்டியவை வேறு. சிறப்புப் பயிற்றுநர் எத்தனை நாள் வந்தார்? மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் பிள்ளையின் அம்மா எத்தனை முறை பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய்வந்தார்? போன ஜூனில் அந்தப் பிள்ளைக்கு முடியாதது எது இந்த ஜூனில் முடிகிறது? பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பள்ளிக்கு வெளியே, மாவட்டத்திலும் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பெயரும் குறைபாடும் வெளியே வராமல், இந்தக் கேள்விகளையும் பதில்களையும் அங்கே வாசிக்கலாம்: பள்ளி திறந்ததும் ஒரு முறை, நாமினல் ரோல் அனுப்பும் முன் ஒரு முறை.