பச்சைக் கொழுந்தும் ரா கோப்பும்

ஜேபெக் படம் கமராவே ஊற்றித் தரும் தேத்தண்ணி. ரா கோப்பு அப்போதுதான் பறித்த கொழுந்து. பதம் பார்ப்பது நம் கையில். 14 பிட் ரா கோப்பில் ஒளியின் படிகள் 16,384. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256. ஹட்டன் பனியின் வெள்ளைக்குள் மறைந்த மலைமுகட்டை மீட்டுத் தருவது அந்த அதிகப்படிதான்.

ரா கோப்பைத் திருத்தும் மென்பொருள்களில் லைட்ரூமின் 'டிஹேஸ்' பனியை நொடியில் விலக்கும். கொஞ்சம் கூடினாலும் வானம் கறுத்துவிடும். கப்ச்சர் ஒன்னின் நிறக் கருவியில் இளந்தளிரின் மஞ்சள் பச்சையையும் முற்றிய இலையின் கரும்பச்சையையும் தனித்தனியே திருத்தலாம். டார்க்டேபிளும் ரா தெரப்பியும் இலவசம். பழகத்தான் பொறுமை வேண்டும்.

பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கும் ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் (1815–1879) கையாண்ட ஈரக் கொலோடியன் தகட்டில் பச்சை சரியாகப் பதியாது. இலைகள் கறுத்தே விழும். இன்று பச்சையின் ஒவ்வொரு சாயலும் நம் வசம்.

லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட மனமில்லாதவர்கள் டார்க்டேபிளில் தொடங்குங்கள். கொழுந்தின் நிறமே உயிர் என்பவர்களுக்குக் கப்ச்சர் ஒன். எதில் திருத்தினாலும் பனியை முழுதாகத் துடைத்துவிடாதீர்கள். பனி இல்லாவிட்டால் அது மலையகப் படமே அல்ல.